கார்பன் மேல 1% தங்கம்: கிளிசரால் ஆக்சிடேஷனுக்கு வாங்கி ஓட்டிப் பாத்த கதை

கேட்டலிஸ்ட்டுக்கெல்லாமா (ரியாக்ஷன வேகப்படுத்துற பொருள்) ரிவியூனு சிரிக்காதீங்க, நான் வாங்குறதுக்கு முன்னாடி தேடுனப்ப விக்கிறவங்க போட்ட ஒரு பக்க டேட்டா ஷீட்ட தவிர உருப்படியா ஒண்ணும் கிடைக்கல, அதான் எழுதுறேன். கம்பெனி பேரு வேணாம். சரக்கு என்னன்னா ஆக்டிவேட்டட் கார்பன் மேல 1% தங்கம், காய்ஞ்ச பொடி, 10 கிராம் பாட்டில். அதாவது உள்ள இருக்குற தங்கம் 0.1 கிராம்தான். மூடிய தொறந்தா மஞ்சளா எதுவும் மின்னாது, கன்னங்கரேல்னு பொடி, அதுவும் ஸ்பாச்சுலாலயும் எடை போடுற பேப்பர்லயும் அப்பிக்கிட்டு விடவே விடாது, மூச்ச பிடிச்சுக்கிட்டுதான் எடை போடணும்.

எதுக்கு வாங்குனேன்னா, பயோடீசல் 10 கிலோ செஞ்சா கிட்டத்தட்ட 1 கிலோ கிளிசரால் கூடவே வந்து விழுது. அதுல மூணு ஓஎச் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடி) இருக்கு. ஓரத்துல இருக்குற ஒண்ண மட்டும் ஆக்சிடைஸ் பண்ணி அங்கயே நிறுத்துனா கிளிசெரிக் ஆசிட், ரெண்டு ஓரமும் போனா டார்ட்ரானிக் ஆசிட், நடுவுல இருக்குறது போனா டைஹைட்ராக்ஸி அசிட்டோன், எல்லாமே கிளிசரால விட விலை போற சரக்கு. கஷ்டம் எங்கன்னா நிறுத்துறதுலதான். கொஞ்சம் விட்டா கார்பன்-கார்பன் பிணைப்பே அறுந்து கிளைகாலிக், ஃபார்மிக்னு துண்டு துண்டாயிடும். பிளாட்டினமும் இத செய்யும், ஆனா ஆக்சிஜன் ஜாஸ்தியானா அதுவே மேல படிஞ்சு செயலிழந்துடும், தங்கம் அந்த விஷயத்துல தாங்கும்.

முதல் ரன்ல நான் பண்ண கூத்த சொல்லியே ஆகணும். தண்ணி, கிளிசரால், பொடி, ஆக்சிஜன் எல்லாம் போட்டு ராத்திரி முழுக்க ஓட்டுனேன். காலைல எச்பிஎல்சில (கலவைல என்னென்ன இருக்குனு தனித்தனி பீக்கா காட்டுற கருவி) பாத்தா கிளிசரால் பீக் மட்டும் மலை மாதிரி நிக்குது, வேற ஒண்ணும் இல்ல. கோவத்துல கம்பெனிக்கு நீளமா ஒரு மெயில் போட்டேன். ஒரே வரில பதில் வந்துச்சு, "பேஸ் சேத்தீங்களா?"னு. பேஸ்னா காரம், சோடியம் ஹைட்ராக்சைடு மாதிரி. சேக்கல. ஆனா அத அவங்க டேட்டா ஷீட்லயே போட்டிருக்கலாம்ல? போடல.

பேஸ் ஏன் இவ்ளோ முக்கியம்னு 2010ல சயின்ஸ் பத்திரிகைல ராபர்ட் டேவிஸ் குழு ஐசோடோப் (எடை வேறயா இருக்குற ஆக்சிஜன அடையாளமா) வச்சு காட்டிட்டாங்க. ஆசிட்ல புதுசா சேர்ற ஆக்சிஜன் நாம சிலிண்டர்ல இருந்து விடுற ஆக்சிஜனே இல்ல, தண்ணி, ஹைட்ராக்சைடுல இருந்து வருது, சிலிண்டர் ஆக்சிஜனோட வேலை தங்கத்து மேல சேர்ற எலக்ட்ரான வாங்கிக்கிட்டு ஹைட்ராக்சைட திருப்பிக் குடுக்குறது. அதனால சோடியம் ஹைட்ராக்சைடு இல்லேன்னா தங்கம் சும்மா உக்காந்திருக்கும். போற வழியில பெராக்சைடு வேற உருவாகுது, அது ஏறுனா பிணைப்பு அறுறதும் ஏறும்.

சரின்னு 2002ல கார்டிஃப் யுனிவர்சிட்டில ஹட்சிங்ஸ் குழு சொன்ன கண்டிஷன அப்படியே வச்சேன்: 60 டிகிரி, 3 பார் ஆக்சிஜன், 3 மணி நேரம், காரத்தோட. அவங்களுக்கு பாதிக்கு மேல கிளிசரால் மாறி, மாறுனது 100% கிளிசெரிக் ஆசிட். எனக்கு 100 வரல, பக்கத்துலயே டார்ட்ரானிக்கும் கிளைகாலிக்கும் குட்டி பீக்கா எட்டிப் பாத்துச்சு, இருந்தாலும் கிளிசெரிக் பீக் கம்பீரமா நின்னுச்சு. அந்த வேலைய இந்தப் பொடி ஒழுங்கா செய்யுது, அதுல குறை சொல்ல மாட்டேன்.

குறை வேற. துகள் சைஸ் எவ்ளோனு எங்கயும் இல்ல, "நானோ"ன்னு மட்டும் போட்டிருக்கு. சின்னத் துகள் வேகமா ஓடும் ஆனா செலக்டிவிட்டி (வேணுங்குற சரக்கு மட்டும் வர்ற தன்மை) அடி வாங்கும், பெருசு மெதுவா ஆனா சுத்தமா போகும், இந்த ஒரு நம்பர்தான் வாங்குறவனுக்கு வேணும், அதைக் காணோம். ரெண்டாவது பாட்டில் அதே கண்டிஷன்ல முதல்லத விட மந்தமா இருந்துச்சு, ஏன்னு கேட்டா "லாட் வேரியேஷன்"னு (ஒவ்வொரு தடவை தயாரிக்கிறப்பயும் வர்ற வித்தியாசம்) ஒரு பதில்.

திரும்ப யூஸ் பண்றதும் சுமார்தான், மூணாவது தடவைலயே வேகம் இறங்கிடுச்சு, பாதி ஃபில்டர் பேப்பர்லயே ஒட்டிக்கிட்டு போயிடுது, அது போக தங்கத் துகள் ஒண்ணோட ஒண்ணு சேந்து பெருசாகுற பிரச்சினையும் இருக்கு. பயோடீசல்ல இருந்து வந்த கிளிசரால சுத்தம் பண்ணாம ஒரு தடவை போட்டேன், சோப்பு நுரை கட்டி ஃபில்டர் அடைச்சு, ரியாக்ஷனும் நொண்டுச்சு. அதுல இருக்குற குளோரைடும் தங்கத்துக்கு ஆகாது.

இன்னொண்ணு, கடைசில கைல வர்றது ஆசிட் இல்ல, சோடியம் உப்பு. ஆசிடா வேணும்னா வேற ஆசிட் ஊத்தி மாத்தணும், அப்ப அந்தளவுக்கு வேண்டாத உப்பும் சேந்து வரும், பெரிய அளவுல பண்றவங்களுக்கு இதுதான் தலைவலியே. டைஹைட்ராக்ஸி அசிட்டோனுக்காக யாராச்சும் இத வாங்க நினைச்சா வேண்டாம், காரத்துல அது நிலைக்காது, கிளிசரால்டிஹைடா மாறி கிளிசெரிக் பக்கம் போயிடும், சூட்ட ஏத்துனா லாக்டிக் ஆசிட் வந்து நிக்கும். தோல கருக்க வைக்கிற க்ரீம்ல போடுற டைஹைட்ராக்ஸி அசிட்டோன குளுக்கோனோபாக்டர்ங்குற பாக்டீரியா வச்சு பண்றாங்க. காரமே இல்லாம வேணும்னா தங்கம்-பிளாட்டினம் கலந்து மெக்னீசியம் ஆக்சைடு மேல ஏத்துனது இருக்கு, 2011ல அதே கார்டிஃப் ஆளுங்க போட்டது, நான் இன்னும் கை வைக்கல.

லேப்ல ஒரு நாள் ஒதுக்க முடிஞ்சா நீங்களே செஞ்சுக்கலாம். குளோரோ ஆரிக் ஆசிட் கரைசல்ல பாலிவினைல் ஆல்கஹால் போட்டு சோடியம் போரோஹைட்ரைட விட்ட உடனே வெளிர் மஞ்சள் சட்டுனு ஒயின் கலராகும், கார்பன போட்டு ரெண்டு சொட்டு சல்ஃப்யூரிக் ஆசிட் விட்டு கலக்குனா அந்தச் செவப்பு முழுக்க கரிக்குள்ள போயி மேல தண்ணி தெளிஞ்சிடும். குளோரைடு போகணும்னா, கழுவுன தண்ணி சில்வர் நைட்ரேட்ல வெள்ளையா கலங்குறது நிக்கிற வரைக்கும் கழுவணும், அது ஒண்ணுதான் பொறுமைய சோதிக்கும். என்னோடது அந்த முதல் பாட்டிலுக்கு சமமா ஓடுச்சு.

5க்கு 3 தரேன், பேஸ் பத்தி ஒரு வரி எழுதியிருந்தா மூணரை. ரெண்டாவது லாட்டோட டெம் படம் (துகள் சைஸ் தெரியுற எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் படம்) கேட்டு மெயில் போட்டிருக்கேன், வந்தா இங்கயே சேத்துடுறேன்.