வண்ணாரப்பேட்டையில் நடந்த பணியிடப் பயிற்சி: போகலாமா?

எங்கள் ஜவுளிக்கடை ஊழியர்களுக்காக வண்ணாரப்பேட்டையில் ஒருநாள் பயிற்சி நடந்தது, எல்லாரையும் சேர்த்துக்கொண்டு வேலை செய்வது எப்படி, கூட வேலை பார்ப்பவருக்குத் துணையாக நிற்பது எப்படி என்று. காலைப் பகுதி அருமை.

நம் பக்கம் புதிதாக வேலைக்கு வருகிறவரிடம் "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்றுதான் முதலில் கேட்பார்கள், எதற்கென்று எல்லாருக்கும் தெரியும். பயிற்சி தந்த அம்மா அதை மூடி மறைக்காமல் எடுத்துப் பேசினார். அப்படி யாராவது கேட்டால் பக்கத்தில் இருப்பவர் "அது எதுக்குண்ணே, வேலையப் பாப்போம்" என்று குறுக்கே சொல்ல வேண்டும், அதை ஒவ்வொருவரையும் வாய்விட்டுச் சொல்ல வைத்துப் பழக்கினார். அப்புறம் பில் போடும் தம்பிக்குக் காது கேட்காது, உதட்டசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார். சூப்பர்வைசர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினால் தனக்கு ஒன்றும் விளங்காது என்று அவரே முன்னால் வந்து காட்டினார்.

10 பேருக்குக் குறையாத இடங்களில் பாலியல் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும், அதில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்ற 2013 சட்டத்தையும் தெளிவாகச் சொன்னார்.

மதியம்தான் ஏமாற்றம். மன உறுதிக்கு என்று வெறும் மூச்சுப் பயிற்சி. சரி, நல்லதுதான், ஆனால் நாள் முழுக்க நின்று கால் வீங்குகிறவருக்கு முதலில் வேண்டியது நாற்காலி. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத்திருத்தம் வந்தாயிற்று, அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நீங்கள் ஏற்பாடு செய்தால் முதலாளியையும் கடைசிவரை உட்கார வையுங்கள். எங்கள் முதலாளி டீ குடித்ததும் கிளம்பிவிட்டார்.