கூட்டுவதா, குறைப்பதா: பிரான்சின் இரண்டு போர்களும் புதுச்சேரியும்

1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி நிர்வாகம் பிரான்சிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. அதே நாளில் அல்ஜீரியாவில் விடுதலைப் போர் வெடித்தது. அப்போது பிரெஞ்சுப் பிரதமராக இருந்தவர் பியேர் மெண்டெஸ் பிரான்ஸ். புதுச்சேரியைச் சண்டையில்லாமல் விட்டவர், அல்ஜீரியா விஷயத்தில் “அது பிரான்ஸ்தான்” என்று நாடாளுமன்றத்தில் அடித்துப் பேசினார். இழுத்துக்கொண்டே போகும் வெளிநாட்டுப் போரில் படையைக் கூட்டுவதா, குறைப்பதா என்று யோசிக்க நமக்கு இதைவிடப் பக்கத்தில் வேறு பாடம் கிடையாது.

முதலில் கூட்டச் சொல்பவர்கள். அவர்களை முட்டாள்கள் என்று தள்ளிவிட முடியாது. வலுவோடு பேச்சுக்குப் போனால்தான் நல்ல பேரம் படியும் என்பது அவர்கள் கட்சி. 1953இல் இந்தோசீனாவில் (இன்றைய வியட்நாம், லாவோஸ், கம்போடியா) பிரெஞ்சுப் படைத்தளபதி ஜெனரல் நவார் போட்ட கணக்கும் ஏறக்குறைய இதுதான். நவம்பர் 20 முதல் தியன் பியன் பூ பள்ளத்தாக்கில் பாராசூட் படைகளை இறக்கினார். சுற்றிலும் மலை. சோறு, குண்டு, மருந்து எல்லாமே விமானத்தில் வர வேண்டும். அந்த மலைமேல் பீரங்கி ஏறாது என்று நம்பினார்கள். பிரான்சை எதிர்த்த வியட்நாம் விடுதலைப் படையின் தளபதி ஜெனரல் கியாப்பின் ஆட்கள் கயிறு கட்டிக் கையாலேயே இழுத்து ஏற்றினார்கள். 1954 மார்ச் 13இல் தாக்குதல் தொடங்கியது. கொஞ்ச நாளிலேயே விமான ஓடுபாதை போனது. அப்புறம் உள்ளே இருந்தவர்களுக்கு வழியே இல்லை. மே 7இல் முகாம் வீழ்ந்தது; பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். பேரத்துக்கு வலு சேர்க்கப் போட்ட படை, எதிரியின் பேரத்துக்கு வலு சேர்த்துவிட்டது. ஜெனீவாவில் இந்தோசீனா பற்றிய பேச்சு மறுநாளே தொடங்கியது!

அல்ஜீரியாவில் கூட்டியது இன்னும் பெரிது. 1956இல் கட்டாயச் சேவை இளைஞர்களை அனுப்பினார்கள். படை நான்கு லட்சத்தைத் தாண்டியது. 1957இல் அல்ஜியர்ஸ் நகரத்தை அடக்கியும் விட்டார்கள். ஆனால் 1958இல் பிரான்சின் நான்காம் குடியரசே கவிழ்ந்தது. 1962இல் அல்ஜீரியா எப்படியும் விடுதலை பெற்றது.

இனி குறைக்கும் வழி. 1954 ஜூனில் பதவிக்கு வந்த மெண்டெஸ் பிரான்ஸ், ஒரு மாதத்துக்குள் இந்தோசீனாவில் போர்நிறுத்தம் இல்லையென்றால் ராஜினாமா என்றார். கூடவே, நடக்காவிட்டால் கட்டாயச் சேவைப் படையை அனுப்புவோம் என்று மிரட்டவும் செய்தார். கெட்டிக்காரர். படையைக் கூட்டுவது அவர் கையில் மிரட்டலாக மட்டுமே இருந்தது. ஜூலையில் ஜெனீவாவில் போர்நிறுத்த ஒப்பந்தம் ஏற்பட்டது.

நடுவழி ஒன்று உண்டு: அமெரிக்க அதிபர் நிக்சன் வியட்நாமில் செய்தது. ஆளைக் குறைத்து, குண்டைக் கூட்டுவது. 1969 ஜனவரியில் அவர் பதவிக்கு வந்த பிறகும் இருபதாயிரத்துக்கு மேல் அமெரிக்கர்கள் செத்தார்கள். 1975இல் அமெரிக்கா ஆதரித்த தென்வியட்நாமின் தலைநகர் சைகோன் கைவிட்டுப் போனது. இரண்டு வழியின் கெடுதலும் இதில் சேர்ந்தே வந்தது.

என் கட்சி குறைப்பதுதான். ஆனால் குறைக்கச் சொல்பவர்கள் வாய் திறக்காத ஒரு செலவு உண்டு. பிரெஞ்சுப் படையோடு நின்ற அல்ஜீரிய முஸ்லிம்களான ஹார்க்கிகளை 1962இல் பெரும்பாலும் அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். ஜெனீவாவுக்குப் பிறகு வடவியட்நாமிலிருந்து லட்சக்கணக்கானோர் தெற்கே ஓடினார்கள்.

நம் ஊரில் போர் நடக்கவில்லை, அதனால் சரிக்குச் சரி வைக்க முடியாதுதான். இருந்தாலும் புதுச்சேரியைச் சட்டப்படி கைமாற்றுவதற்கான ஒப்பந்தம் 1956லேயே கையெழுத்தானது. 1962 ஆகஸ்ட் 16இல் அது நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க ஆறு மாத அவகாசம் இருந்தது. இந்தோசீனாவில் சண்டை போட்டுவிட்டு வந்த சொல்தாக்களும் (பிரெஞ்சுப் படையில் இருந்த நம்மூர் சிப்பாய்கள்) இங்கே இருந்தார்கள். ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலைப் போர் நினைவகத்தில், துப்பாக்கியைத் தலைகீழாக ஊன்றித் தலைகுனிந்து நிற்கும் சிப்பாய் சிலைக்கு முன்னால், பதக்கம் குத்திய சட்டையோடு நம்மூர் முன்னாள் சிப்பாய்கள் மாலை வைப்பதைப் பார்க்கலாம். பென்ஷனும் பிரான்சிலிருந்து வந்துகொண்டிருந்தது. படையைக் குறைக்கத் திட்டம் போடுகிறவர்கள், கூட நின்ற உள்ளூர்க்காரனுக்கு என்ன காகிதம் கொடுக்கப்போகிறோம் என்பதைக் கடைசிக் கப்பல் கிளம்பும் முன் அல்ல, பேச்சுவார்த்தையின் முதல் நாளே மேசைமேல் வைக்க வேண்டும்.