கியாந்தி மேடுகளில் 34 பல் கேசட்: சில பருவங்கள் ஓட்டிய அனுபவம்

இத்தாலியில் புளோரன்சுக்கும் சியெனாவுக்கும் இடையே கிடக்கும் கியாந்தி வட்டாரத்தில் பெரிய மலை என்று ஒன்றும் இல்லை. கியாந்திக் குன்றுகளிலேயே உயரமான மோந்தே சான் மிக்கேலே சுமார் 890 மீட்டர்தான். ஆல்ப்ஸ் கணவாய்களில் ஓட்டிப் பழகியவர்கள் இந்த எண்ணைப் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். ஆனால் இங்கே சமதரையும் இல்லை. ஏறி முடிந்தால் இறக்கம், இறங்கி முடிந்தால் அடுத்த ஏற்றம். நாள் முழுக்க இப்படியே போய்ச் சாயங்காலம் கணக்குப் பார்த்தால் ஒரு ஆல்ப்ஸ் கணவாய்க்கு உண்டான ஏற்றம் சேர்ந்திருக்கும்.

புளோரன்சில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து வார இறுதிகளில் நான் இந்தப் பகுதியில் ஓட்டும் வண்டி சாதாரண அலுமினிய ரோடு பைக். டிஸ்க் பிரேக், முன்னால் 50, 34 பல் கொண்ட இரண்டு சக்கரங்கள், பின்னால் 11 முதல் 34 பல் வரையிலான பல்சக்கர அடுக்கு, அதுதான் கேசட், 32 மில்லிமீட்டர் அகலத்தில் உள்டியூப் இல்லாத டியூப்லெஸ் டயர். தண்ணீர், கருவிகள் எல்லாம் சேர்த்துப் பத்து கிலோவைத் தொடும். இதைவிட இரண்டு கிலோ குறைந்த கார்பன் வண்டிகள் என்னைத் தாண்டிப் போவதை அடிக்கடி பார்க்கிறேன். எனக்கு ஆசை வரவில்லை. காரணம், அந்தப் பின் கேசட்.

கடையில் வந்தபோது வண்டியில் 28 பல் கேசட் இருந்தது, அதாவது அதன் பெரிய சக்கரத்தில் 28 பல். ஓட்டத் தொடங்குமுன் அதைக் கழற்றி 34 மாட்டச் சொன்னேன். கணக்கு எளிது. முன்னால் 34, பின்னால் 34 என்றால் மிதி ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்று. இந்த டயரில் ஒரு சுற்று சுமார் 2.15 மீட்டர். நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் மணிக்கு 7.7 கிலோமீட்டர். 12 சதவீத ஏற்றத்தில் ஆளும் வண்டியுமாக 85 கிலோ இருந்தால், இதற்குச் சுமார் 225 வாட் வேண்டும். அதே மிதிவேகத்தில் 28 பல் என்றால் 9.4 கிலோமீட்டர் வேகத்தில் போயாக வேண்டும், அதற்கு 270 வாட்டுக்கு மேல். எடையில் இரண்டு கிலோ குறைத்தால் இந்த 225 இல் ஐந்தாறு வாட்தான் மிச்சம். பணத்தை எங்கே போடுவது என்பதற்கு எனக்கு இதற்குமேல் காரணம் தேவைப்படவில்லை.

ஏன் இப்படி ஏறி ஏறி இறங்க வேண்டியிருக்கிறது? பழைய சண்டைதான் காரணம். இடைக்காலத்தில் இது புளோரன்சுக்கும் சியெனாவுக்கும் நடுவே இருந்த எல்லை நிலம். புளோரன்சின் பக்கம் ராத்தா, கயோலே, காஸ்தெல்லினா மூன்றும் சேர்ந்து கியாந்தி கூட்டணி என்று ஒன்று இருந்தது. காவல் காக்க வேண்டிய ஊரை யாரும் பள்ளத்தில் கட்டுவதில்லை. ராத்தா சுமார் 530 மீட்டரில், காஸ்தெல்லினா 580க்குப் பக்கத்தில், இரண்டும் மேட்டின் தலையில் உட்கார்ந்திருக்கின்றன. சந்தை கூடிய ஊர்களோ பள்ளத்தாக்கில் வளர்ந்தன. கிரேவே 240க்கும் கீழே, கயோலே 360 சொச்சம். கிரேவேயின் சதுக்கம் முக்கோணமாக, சுற்றிலும் வளைவுத் தாழ்வாரங்களோடு இன்றைக்கும் சந்தைத் திடலாகவே தெரிகிறது.

இதைப் புரிந்துகொண்டால் எங்கே தங்குவது என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். காஸ்தெல்லினாவிலோ ராத்தாவிலோ அறை எடுத்தால் காட்சி அற்புதம்தான், ஆனால் தினமும் கால் ஓய்ந்த நேரத்தில் கடைசியாக ஓர் ஏற்றம் காத்திருக்கும். கிரேவேயிலோ கயோலேயிலோ தங்கினால் காலையில் புதுத் தெம்போடு ஏறலாம், மாலையில் பெடலைத் தொடாமல் வீட்டுக்கு இறங்கலாம். இரண்டையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் என் ஓட்டு பள்ளத்துக்கே. காஸ்தெல்லினாவில் கோட்டைச் சுவரை ஒட்டி மூடிய பாதை ஒன்று போகிறது, வியா தெல்லே வோல்தே. வெயிலில் ஏறி வந்தவுடன் அந்தக் கல் நிழலில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடப்பது சுகம். அங்கேயே தங்க வேண்டும் என்பதில்லை.

எல்லைச் சண்டையைப் பற்றி இங்கே ஒரு கதை உண்டு. இரு நகரங்களும் ஒரு பந்தயம் வைத்தனவாம். சேவல் கூவியதும் இரண்டு பக்கமிருந்தும் ஒவ்வொரு குதிரைவீரன் கிளம்ப வேண்டும், சந்திக்கும் இடம் எல்லை. சியெனாக்காரர்கள் தங்கள் சேவலுக்கு நன்றாகத் தீனி போட்டார்கள். புளோரன்சுக்காரர்கள் கறுப்புச் சேவலைப் பட்டினி போட்டார்கள், அது பசியில் விடியுமுன்பே கூவிவிட்டது. சியெனாவுக்குக் கொஞ்ச தூரத்தில் உள்ள ஃபோந்தெருத்தோலி வரை புளோரன்ஸ் வீரன் வந்துவிட்டான். இன்று கியாந்தி கிளாசிக்கோ ஒயின் புட்டிகளில் இருப்பது அந்தக் கறுப்புச் சேவல்தான். நடந்ததோ இல்லையோ, ஜூலையில் ஓட்டுபவர்கள் பட்டினிச் சேவலின் கட்சியில் சேர்வதே நல்லது. பதினோரு மணிக்குமேல் தார்ச்சாலை கொதிக்கும், தோட்டங்களில் நிழல் கிடையாது.

முதல் முறை போகிறவர்கள் எல்லாரும் புளோரன்சிலிருந்து சியெனா வரை செல்லும் 222ஆம் எண் சாலையைத்தான் பிடிப்பார்கள். கிரேவேயிலிருந்து பன்சானோவுக்கு ஆறேழு கிலோமீட்டர் ஏற்றம், அப்புறம் பேசா ஆற்றுக்கு இறக்கம், மறுபடி காஸ்தெல்லினாவுக்கு நீண்ட ஏற்றம். சரிவு மிதமானது, ஒரே தாளத்தில் மிதிக்கலாம். குறை, வாகனங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிள் கூட்டங்களும் வீட்டு வேன்களும் வளைவுகளில் உரசுகிற மாதிரி போகும். வார நாள் காலையில் போனால் அதே சாலை வேறு சாலை. கூட்டமான நாட்களில் நான் லமோலே பக்கமோ, ராத்தாவிலிருந்து வோல்பாயா பக்கமோ ஒதுங்கிவிடுகிறேன். வோல்பாயா சுமார் 600 மீட்டரில் ஒரு குட்டிக் கோட்டைக் கிராமம். அந்தச் சின்னச் சாலைகளில் சரிவு திடீரென்று இரட்டை இலக்கத்துக்குத் தாவும். 34 பல் தன் விலையைத் திருப்பித் தருவது இங்கேதான்.

அடுத்தது வெள்ளைச் சாலைகள். தார் போடாத, சுண்ணாம்புக் கல் சரளைப் பாதைகள், தோட்டங்களுக்கு நடுவே வளைந்து போகும். இவை தார் பூசப்படாமல் தப்பியதில் சைக்கிள்காரர்களுக்கும் பங்கு உண்டு. 1997இல் கயோலேயில் தொடங்கிய லெரோய்க்கா ஓட்டத்தில், 1987க்கு முன் செய்த பழைய வண்டிகளில்தான் கலந்துகொள்ளலாம். முதல் ஆண்டு 92 பேர் வந்தார்கள். இந்தச் சாலைகளைக் காப்பாற்றுவதே அதன் நோக்கம். தொழில்முறை வீரர்களின் ஸ்த்ராதே பியாங்கே பந்தயம் 2007இல் அதன் வழியில் வந்ததுதான். ப்ரோலியோ கோட்டைக்கு சைப்ரஸ் மரங்களுக்கிடையே ஏறும் பாதையை ஒருமுறை ஓட்டினால், இதற்காக ஏன் இத்தனை பேர் மெனக்கெட்டார்கள் என்பது புரியும்.

இந்தப் பாதைகளுக்கு 32 டயர் போதுமா? காய்ந்த நாட்களில் தாராளமாகப் போதும். என் எடைக்கு 50 முதல் 55 பிஎஸ்ஐ வரை காற்று வைக்கிறேன். இறக்கத்தில் சரளை அலை அலையாக இருக்கும், அங்கே முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் சக்கரம் வழுக்கும். திரும்புமுன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் பிரேக்கை விட்டுவிட வேண்டும். கூர்மையான கல் கீறினாலும் டயருக்குள் ஊற்றியிருக்கும் டியூப்லெஸ் திரவம் பெரும்பாலும் தானாக அடைத்துவிடுகிறது. கோடையில் அந்தத் திரவம் சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மூன்று மாதத்துக்கொரு முறை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. இது எரிச்சலான வேலைதான். மழைக்குப் பிறகு வெள்ளைச் சாலைப் பக்கமே போவதில்லை. சேறு டயருக்கும் வண்டிச் சட்டத்துக்கும் நடுவே சிமென்ட் மாதிரி இறுகிவிடும்.

உதிரி பாகங்களில் அதிகம் அடி வாங்கியது செயின். வெள்ளைத் தூசி ஈர எண்ணெயோடு கலந்தால் உப்புத்தாள் போல பல்சக்கரங்களைத் தேய்க்கிறது. மெழுகு பூசும் முறைக்கு மாறிய பிறகு செயின் நீண்ட நாள் வருகிறது, கையும் கறுப்பதில்லை. டிஸ்க் பிரேக் பிடிமானத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் தூசி பட்டால் கிறீச்சென்று ஊரைக் கூட்டும். பெடல் அச்சுப் பக்கத்திலிருந்து கோடைதோறும் ஒரு முனகல் வருகிறது. கழற்றித் துடைத்துக் கிரீஸ் போட்டால் போய்விடுகிறது, அடுத்த கோடையில் திரும்பி வருகிறது.

செப்டம்பரிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை திராட்சை அறுவடை. ஓட்ட அருமையான பருவம், ஆனால் தோட்டத்திலிருந்து வெளிவரும் டிராக்டர்கள் வளைவில் மண்கட்டிகளை உதிர்த்துவிட்டுப் போகும். ஒயின் ருசி பார்க்க நிறுத்துகிறவர்கள், அங்கே துப்புவதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். இத்தாலியில் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்ற ஆல்கஹால் வரம்பு சைக்கிளுக்கும் பொருந்தும். ஊருக்கு வெளியே ஒருவர் பின் ஒருவராகத்தான் ஓட்ட வேண்டும், இருட்டினால் பளிச்சிடும் மேலங்கி கட்டாயம். மதியம் சின்ன ஊர்களில் கடைகள் மூடிவிடும், தின்ன ஏதாவது சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

சியெனாவில் முடிப்பவர்கள் ஸ்த்ராதே பியாங்கே பந்தயக்காரர்களின் கடைசி ஏற்றமான வியா சாந்தா கத்தரீனாவை முயன்று பார்க்கலாம். 16 சதவீதம் வரை போகும், காலடியில் கல் பாவிய தெரு. நடுவில் இறங்கித் தள்ளினால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், சுற்றுலாப் பயணிகள் படம் எடுப்பார்கள், அவ்வளவுதான். திரும்புவதற்கு புளோரன்சுக்கு உள்ளூர் ரயில் இருக்கிறது, எம்போலி வழியாக ஒன்றரை மணி நேரம் ஆகும். சைக்கிளுக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். கிரேவே, ராத்தா, கயோலே எதற்கும் ரயில் கிடையாது, அதனால் நடுவழியில் கால் ஓய்ந்தால் ரயிலேறித் தப்பிக்க முடியாது.

வெளியூரிலிருந்து வந்து வாடகைக்கு எடுப்பவர்கள் முன்பதிவு செய்யும்போதே பின் கேசட்டில் எத்தனை பல் என்று கேளுங்கள். கார்பன் வண்டி என்று பெருமையாகச் சொல்வார்கள், பல் எண்ணிக்கையைச் சொல்ல மாட்டார்கள். 34க்குக் குறைவு என்றால் மாற்றித் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் வேறு கடை பாருங்கள். பழகிய பெடல் இருந்தால் வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள், மாட்ட ஐந்து நிமிடம் போதும்.