பார்ட்டகாஸ் டி4: சில வருடப் பழக்கத்துக்குப் பிறகு

கையால் உருட்டிய கியூபச் சுருட்டுகளில் நான் விடாமல் வாங்குவது பார்ட்டகாஸ் சீரி டி நம்பர் 4 ஒன்றைத்தான். பெட்டி வந்த வாரமே பற்றவைப்பவர்களுக்கு இதன் அருமை பாதிகூடத் தெரியாது என்பது என் கட்சி.

ஜெய்மே பார்ட்டகாஸ் 1845-இல் ஹவானாவில் தொடங்கிய பிராண்ட் இது. கேபிடோலியோ என்ற நாடாளுமன்றக் கட்டடத்துக்குப் பின்னால் அந்தப் பழைய ஆலைக் கட்டடம் இன்னும் நிற்கிறது. இலை விளைவது தீவின் மேற்கே, பினார் டெல் ரியோவில். மேலே சுற்றும் இலைக்கு மட்டும் துணிப்பந்தல் போட்டு வெயிலைக் குறைப்பார்கள். அந்த இலை மெல்லிசாக, நரம்பு துருத்தாமல் இருப்பது அதனால்தான்.

124 மில்லிமீட்டர் நீளம், 20 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான தடிமன். உள்ளே செடியின் வெவ்வேறு உயரத்தில் பறித்த இலைகள். அடியிலை நன்றாக எரியும், நடுவிலை மணம் தரும். உச்சியிலை காரமானது, மெதுவாக எரிவது; அதை நட்டநடுவில் வைக்காவிட்டால் சுருட்டு ஒரு பக்கமாகவே எரிந்துகொண்டு போகும். இலை ஒரு துளி கூடிவிட்டால் புகை வராது. பெட்டிக்கு ஒன்றிரண்டு அப்படி வாய்க்கத்தான் செய்கிறது. இந்த விலைக்கு அது எரிச்சல்தான். நுனியை வெட்டியதும் பற்றவைக்காமல் ஒருமுறை இழுத்துப் பார்ப்பேன். அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

சுவைக்கு வருவோம். முதல் இழுப்பிலேயே மிளகு. அரை அங்குலம் எரிந்த பிறகு பதனிட்ட தோலும் ஈரமண்ணும் போன்ற வாசம், அப்புறம் கடுங்காப்பிக் கசப்பு. அவசரப்பட்டு இழுத்தால் கடைசிப் பகுதி சூடேறிக் கசந்துவிடும். முக்கால் மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். புதுப் பெட்டியில் லேசான அமோனியா நெடி அடிக்கும். இரண்டு வருடம் கிடந்தால் அது போய்விடும். மிளகும் அடங்கி, அடியில் ஒரு இனிப்பு தலைகாட்டும். பெட்டியின் அடியில் ஆலைக் குறியீட்டோடு, அடைத்த மாதமும் வருடமும் அச்சிட்டிருக்கும். நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

சென்னையில் வைத்துக் காப்பதுதான் பெரும்பாடு. ஏசி அறையில் காய்ந்துவிடும், மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும். வெப்பம் 25 டிகிரியைத் தாண்டினால் புகையிலை வண்டின் முட்டை பொரித்து, மேல் இலையில் குண்டூசித் துளைகள் விழும். அதனால் வந்ததும் காற்றுப் புகாத பையில் கட்டி மூன்று நாள் ஃப்ரீசரில், ஒரு நாள் ஃப்ரிட்ஜில். பிறகு ஒயின் கூலருக்குள் மூடிய டப்பாவில், ஈரப்பதத்தை 65 சதவீதத்தில் நிறுத்தும் பொட்டலத்தோடு. சுருட்டுக்கென்றே செய்த மரப்பெட்டி அழகுதான், ஆனால் நம் ஊர்த் தட்பவெப்பத்துக்கு இதுவே தேவலை.

வெறும் வயிற்றில் வேண்டாம், தலை சுற்றும். புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய்ப் புற்றுநோய் ஆபத்து இருக்கத்தான் செய்கிறது. பழக்கம் இல்லாதவர்கள் இதற்காக ஆரம்பிக்க வேண்டாம். ஏற்கெனவே சுருட்டுப் பிடிப்பவர் என்றால், தனியாக ஒன்றிரண்டு வாங்காமல் 25 கொண்ட பெட்டியாகவே வாங்குங்கள். விலை ஏறிய பிறகு நானே சாதாரண நாட்களுக்கு நிகரகுவா சுருட்டுக்கு மாறிவிட்டேன்.