வால்பாறை ஏற்றத்தில் பழைய இன்னோவா: பின்சக்கரப் பிடிமானம் கிடைத்த கதை

மனைவியின் ஊர் வால்பாறை, நாங்கள் குடியிருப்பது பொள்ளாச்சி. ஆழியாறு தாண்டியதும் தொடங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளும் பல வருடங்களாக எங்கள் குடும்பத்தின் வழக்கமான பாதை. வண்டி 2012 மாடல் இன்னோவா, 2.5 டீசல், மேனுவல் கியர். சக்கரம் வழுக்கினால் தானாக அடக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல், வண்டி வீசினால் நேராக்கும் விஎஸ்சி எதுவும் கிடையாது. இன்ஜினின் இழுவை முழுக்கப் பின்சக்கரங்களுக்குத்தான் போகும். இதே போன்ற வண்டியோடு மழைக்காலத்தில் மலை ஏறுகிறவர்களுக்காக, எது பலன் தந்தது, எது தரவில்லை என்று எழுதுகிறேன்.

வண்டி இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய பிறகு இரண்டு தொந்தரவுகள் தெரிய ஆரம்பித்தன. ஆள் இல்லாமல் தனியாக ஏறும்போது, ஈரமான வளைவின் உள்பக்கப் பின்சக்கரம் ‘விர்’ரென்று சுற்றும், வண்டி ஒரு கணம் தயங்கும். இறங்கும்போது வேறு மாதிரி: ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்பக்கம் திரும்பிவிடும், பின்பக்கம் கொஞ்சம் தாமதமாக அசைந்து வந்து உட்காரும். பின்னால் பிள்ளைகள் இருக்கும்போது அந்த அசைவு எனக்குப் பிடிக்கவே இல்லை.

சக்கரம் ஏன் சுற்றுகிறது என்று புரிந்துகொண்டால் வீண் செலவு பாதி குறையும். வளைவில் எடை வெளிப்பக்கச் சக்கரங்கள் மேல் சாய்கிறது, உள்பக்கச் சக்கரம் லேசாகிறது. இன்ஜினின் இழுவையை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்து, அவை வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்புதான் டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் ஒரே அளவு முறுக்குவிசைதான் கொடுக்கும். லேசான சக்கரத்தால் எவ்வளவு தாங்க முடியுமோ அவ்வளவுதான் மற்றதற்கும் கிடைக்கும். போதாததற்கு இது டர்போ டீசல், அதாவது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் விசிறி கொண்டது. டர்போ எழும் நேரத்தில் இழுவை திடீரென்று கூடும். கொண்டை ஊசி வளைவின் நடுவில் அது நடந்தால் உள்சக்கரம் வழுக்காமல் என்ன செய்யும்?

முதலில் கைவைத்தது டயரில். அதுதான் சரியான தொடக்கம் என்று இன்றும் சொல்வேன். பழைய டயர்களில் பட்டன் (ரோட்டைத் தொடும் ரப்பர் மேடுகள்) இருந்தது, ஆனால் வயதாகிவிட்டது. பக்கச் சுவரில் டாட் (DOT) எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2315 என்றால் 2015-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. ரப்பர் கெட்டிப்பட்டுவிட்டால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் ஈரத்தில் ஒட்டாது. சட்டப்படி பட்டன்களுக்கு இடையிலான பள்ளம் 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் போதும். ஆனால் மலைமழைக்கு 3 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கிய டயரோடு நான் போவதில்லை. வால்பாறைக்குப் பக்கத்தில் உள்ள சின்னக்கல்லாறு தமிழகத்திலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. அந்தப் பக்கம் ரோட்டில் தண்ணீர் ஓடும்போது, அதை வெளியே தள்ளப் பள்ளம் வேண்டும்.

வாடகை வண்டிக்காரர்கள் அதிகம் ஓடக்கூடிய கெட்டியான டயரைக் கேட்டு வாங்குவார்கள். அவர்கள் ஓட்டத்துக்கு அது நியாயம்தான். எனக்கு வேண்டியது ஈரப்பிடிப்பு. அதனால் கம்பெனி அளவான 205/65 ஆர்15-லேயே, கொஞ்சம் மென்மையான ரப்பர் கொண்ட டயராக நான்கையும் ஒரே வகையில் போட்டேன். அகலமான டயர் போடலாமே என்று கடையில் சொன்னார்கள். காய்ந்த ரோட்டில் அதனால் பலன் இருக்கலாம். தேங்கிய தண்ணீரில் அகல டயர் சீக்கிரம் மிதக்கத் தொடங்கும் என்பதால் வேண்டாம் என்றேன். இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்குகிறீர்களா? அவற்றைப் பின்னால் போடச் சொல்லுங்கள். பல கடைகளில் பழக்கத்தில் முன்னால் மாட்டிவிடுவார்கள். முன்பக்கம் வழுக்கினால் காலை எடுத்து வேகத்தைக் குறைத்துச் சமாளிக்க வாய்ப்பு உண்டு. பின்பக்கம் வீசினால் பெரும்பாலோருக்கு அந்த நேரம் கிடைக்காது.

காற்று விஷயத்தில் ஒரே வழக்கம்தான். காலையில் டயர் சூடாவதற்கு முன், டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி, சுமைக்கு ஏற்ற அளவில் பிடிப்பேன். முழு ஆள் ஏற்றிப் போய்விட்டு, அதே காற்றோடு தனியாகத் திரும்பினால் பின்பக்கம் துள்ளுவது உடனே தெரியும். பிடிப்பு கூடும் என்று அளவுக்குக் கீழே இறக்குவது சேற்றுக்கும் மணலுக்கும் சரி. தார் ரோட்டு வளைவில் டயர் மடங்கும், வண்டி இன்னும் தள்ளாடும்.

டயர் மாற்றியதும் சக்கரம் சுற்றுவது பெருமளவு அடங்கியது. ஆனால் இறக்கத்தில் அந்தத் தாமதம் அப்படியே இருந்தது. பொள்ளாச்சிப் பட்டறையில் ஒரு மூத்த மெக்கானிக் வண்டியைத் தூக்கி, கடப்பாரையை வைத்து நெம்பிக் காட்டினார். “ஏனுங்க, இந்த ராடு புஷ்ஷைப் பாருங்க. ரப்பர் போயிருச்சு. ஆக்ஸிலே பக்கவாட்டுல நகருது” என்றார். இன்னோவாவின் இரண்டு பின்சக்கரங்களையும் இணைப்பது ஒரே துண்டான ஆக்ஸில். லிங்கு எனப்படும் நான்கு கம்பிகள் அதை முன்பின்னாகப் பிடித்திருக்கும், குறுக்கே போகும் லேட்டரல் ராடு ஒன்றுதான் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும். அதன் முனைகளில் இருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்தால், பாடி ஒரு பக்கம் போன பிறகுதான் ஆக்ஸில் பின்தொடரும். அத்தனை ஓட்டத்துக்குப் பிறகு ரப்பர் தேய்வது இயல்பு. லேட்டரல் ராடு புஷ்களையும் லிங்கு புஷ்களையும் ஒன்றாக மாற்றினோம். போல்ட்டுகளை வண்டி தரையில் நிற்கும் நிலையில்தான் கடைசியாக முறுக்க வேண்டும் என்று அவர் கறாராக இருந்தார். தூக்கிய நிலையில் முறுக்கினால் ரப்பர் எப்போதும் திருகியபடியே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். புது டயருக்குக் கொடுத்த பணத்தில் சின்னப் பங்குதான் இந்த வேலைக்கு ஆனது. ஆனாலும் வளைவில் நம்பிக்கை தந்ததில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

பின் ஷாக் அப்சார்பர்களில் எண்ணெய்க் கசிவு இருந்ததால் இரண்டையும் ஜோடியாக மாற்றினேன். பள்ளத்தோடு வரும் வளைவுகளில் பின்பக்கம் இரண்டாவது முறை துள்ளுவது நின்றது.

டிக்கியில் மணல் மூட்டை போடச் சொல்லிப் பலர் யோசனை சொல்வார்கள். ஏற்றத்தில் பிடிப்பு கொஞ்சம் கூடலாம். ஆனால் அந்த எடை பின் ஆக்ஸிலுக்கும் பின்னால் இருக்கிறது. பின்பக்கம் ஒருமுறை வீசத் தொடங்கினால் எடையே அதை மேலும் இழுத்துக்கொண்டு போகும். கட்டாத மூட்டை சடன் பிரேக்கில் சீட்டு மேல் பாயும். நான் போடுவதில்லை. மேலே கேரியரில் பாரம் ஏற்றுவதையும் மலைப்பயணத்தில் விட்டுவிட்டேன்.

மிச்சம் இருப்பது காலின் வேலை. ஏற்றத்தில் வளைவுக்கு முன்பே செகண்டோ ஃபர்ஸ்டோ போட்டுவிட்டு, ஆக்சிலேட்டரை ஒரே சீராகப் பிடித்தால் டர்போவின் உதை வளைவுக்குள் வராது. ஸ்டியரிங் நேராகத் தொடங்கிய பிறகு மிதிக்கலாம். இறக்கத்தில்தான் ரியர் வீல் டிரைவ் வண்டிக்குக் கூடுதல் கவனம் வேண்டும். எடை முன்னால் போய் ஏற்கெனவே பின்சக்கரம் லேசாக இருக்கும். அந்த நேரத்தில் கியரைக் குறைத்துக் கிளச்சைச் சட்டென்று விட்டால், இன்ஜின் பிரேக் முழுவதும் பின்சக்கரங்கள் மேல் விழும். ஈர ரோட்டில் ஹேண்ட்பிரேக் இழுத்தது போல வீசிவிடும். கியர் மாற்றுவதை நேர் ரோட்டிலேயே முடிக்க வேண்டும், கிளச்சை மெதுவாக விட வேண்டும். அதற்காக நியூட்ரலில் இறங்கிவிடாதீர்கள், பிரேக் சூடாகிக் கைவிட்டுவிடும்.

இன்றும் ஒரு இடத்தில் வண்டி திணறும். கீழிருந்து ஏறும் வண்டிக்கு வழி விடுவதுதான் விதி. ஆனால் மேலிருந்து வரும் பஸ் பாதி வளைவில் வந்து நின்றுவிட்டால் நாமும் நிற்க வேண்டியிருக்கிறது. ஈரத்தில் ஸ்டியரிங் முழுக்கத் திரும்பியபடி அங்கிருந்து கிளம்பும்போது உள்சக்கரம் இன்னும் கொஞ்சம் சுற்றுகிறது. அதைத் தீர்க்க, ஒரு சக்கரம் வழுக்கினால் இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும் லாக்கிங் டிஃபரன்ஷியல்தான் வேண்டும். மஹிந்திராவின் பொலீரோ நியோவில் ஒரு வகையில் கம்பெனியே அதைத் தருகிறது. என் வண்டிக்கு வெளியில் வாங்கிப் பொருத்தும் எண்ணம் எனக்கு இல்லை. பஸ்ஸின் ஹாரன் கேட்டதும் வளைவுக்குக் கீழே நேர் பகுதியிலேயே ஒதுங்கி நின்றுவிடுகிறேன், அது கடந்த பிறகு ஏறுகிறேன்.