"பிகினர் நத்தை செட்" வாங்கி நான் ஏமாந்தது, வாங்கப் போறவங்க ஒரு தடவ படிச்சிடுங்க

நத்தை வளக்கணும்னு ஆசை வந்தது ஒரு வீடியோ பாத்துதான். வெள்ளரிக்காயை ஒரு நத்தை கரகரன்னு தின்னுது, அந்த சத்தத்தையே பத்து தடவ கேட்டேன். உடனே தேடி ஆன்லைன்ல ஒரு ஆளைப் புடிச்சேன். "ஜெயண்ட் ஆப்பிரிக்கன் நத்தை குட்டி ரெண்டு, ஓடில்லாத நத்தை ஒண்ணு, டப்பா, மணல், கால்சியம் கல், அலங்காரம் எல்லாம் சேத்து பிகினர் செட்"னு போட்டிருந்தார். போட்டோல ஒரு கட்டைவிரல் மேல குட்டி நத்தை, அந்த நகத்துல ஓரமா ஒரு கருப்புத் தழும்பு. அது இன்னும் கண்ணுல நிக்குது, ஏன்னு கடைசில சொல்றேன்.

லைவ் வீடியோ அனுப்புங்கன்னு கேட்டேன். "ப்ரோ நத்தை கூச்ச சுபாவம், கேமரா பாத்தா உள்ள போயிடும்"னார். நானும் சிரிச்சிட்டு முழுப் பணத்தையும் முன்னாடியே போட்டுட்டேன், அங்கதான் என் புத்தி.

பார்சல் வர மூணு நாள். பிரிச்சதும் நாத்தம். உள்ள வச்சிருந்த டிஷ்யூ பேப்பர் துளி ஈரம் இல்லாம மொறுமொறுன்னு இருந்துச்சு, ஓடில்லாத நத்தை அதுல காய்ஞ்சு ஒட்டி, பழைய செருப்புத் தோல் துண்டு மாதிரி கெடந்துச்சு. ஓடு இருக்கிறது ஈரம் கம்மியானா உள்ள இழுத்துக்கிட்டு வாயில காகிதம் மாதிரி ஒரு படலம் போட்டு மூடிக்கும், அப்படியே பல வாரம் தாங்கும். ஓடில்லாததுக்கு அந்த வசதி ஏது? ஈரமான பாசியில வச்சு அனுப்பியிருக்கணும். கேட்டா "தூங்குது ப்ரோ, தண்ணி தெளிங்க எழுந்துக்கும்"ங்கிறார். நாத்தம் அடிக்கிறது எங்கய்யா எழுந்துக்கும்!

மத்த ரெண்டும் படலம் போட்டுதான் வந்துச்சு. வெதுவெதுப்பா தண்ணி தெளிச்சு ஒரு மணி நேரம் உக்காந்து பாத்தேன். முதல்ல படலம் கிழிஞ்சுது, அப்புறம் கால், அப்புறம் உள்ள மடிஞ்சு கெடக்குற கையுறை விரலை வெளிய தள்ளுற மாதிரி கொம்பு மெதுவா நீண்டு, நுனில கருப்பா கண்ணு. அந்த நிமிஷம் எல்லா கோவமும் போச்சுங்க, பொய் சொல்லல.

ரெண்டு நாள் கழிச்சுதான் சந்தேகம். ஆப்பிரிக்க நத்தையோட ஓடு குட்டியிலேயே கூம்பு மாதிரி நீளும், இது ரெண்டும் உருண்டை. அது போக, வளர்ற குட்டியோட ஓட்டு விளிம்பு காகிதம் மாதிரி மெல்லிசா, தொட்டாலே உடையுற மாதிரி இருக்கும். என்கிட்ட வந்ததுல விளிம்பு தடிச்சு வெளிப்பக்கமா மடிஞ்சிருந்துச்சு. அப்படின்னா அது முழுசா வளந்து முடிச்ச சாதாரண தோட்டத்து நத்தை, 3 சென்டிமீட்டருக்கு மேல இனி வளராது. குட்டின்னு சொல்லி வயசானதை தள்ளிவிட்டிருக்கார். பணம் போடுறதுக்கு முன்னாடி இந்த விளிம்பைத்தான் கிட்டக்க போட்டோ கேக்கணும், வேற எதுவும் கேக்காட்டியும் பரவால்ல.

ஒரு விதத்துல ஏமாந்ததே நல்லதா போச்சு. ஜெயண்ட் ஆப்பிரிக்கன் நத்தையை வீட்ல வளக்குறதே பல நாடுகள்ல தடை, அமெரிக்காவுல சும்மா வச்சிருந்தாலே குத்தம். 1966-ல ஒரு பையன் ஹவாய்ல இருந்து மூணே மூணு நத்தையை மயாமிக்கு கொண்டு வந்தான், அவன் பாட்டி அதைத் தோட்டத்துல விட்டுட்டாங்க, ஏழு வருஷத்துல 18,000-க்கு மேல ஆயிடுச்சு, ஒழிக்கறதுக்கு மொத்தத்துல சுமார் பத்து வருஷம். இவர் அதை "பிகினர்"னு விக்கிறார். உங்க ஊர் சட்டத்தைப் பாத்துட்டு அப்புறம் ஆசைப்படுங்க.

செட்ல வந்த சாமான் அதுக்கும் மேல. மண்ணுக்குப் பதிலா கலர் கல்லு, அது நடுவுல பீங்கான் காளான் ஒண்ணு. நத்தைக்குத் தோண்டிப் புதையற மாதிரி ஈரமான கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) வேணும், கல்லுல எங்க புதையும். ராத்திரி மூடி வரைக்கும் ஏறுன ஒண்ணு அந்தக் காளான் மேல 'டக்'னு விழுந்து ஓட்டோட ஓரம் உடைஞ்சுது. கால்சியம் நல்லா கெடச்சா அதுவா சரி பண்ணிக்கும்னு நம்பி அந்த "கால்சியம் கல்"லை வச்சேன், ஒரு வாரம் ஆகியும் ரெண்டும் அதைத் தொடவே இல்ல. அப்புறம் தோணுச்சு, ஒரு துண்டை உடைச்சு டப்பாவுக்கு வெளிய தட்டுல வச்சு வினிகர் ஊத்தினேன். ஓடு கட்டுறதுக்கு வேண்டிய கால்சியம் கார்பனேட்னா நுரைச்சுப் பொங்கணும், இது சும்மா நனைஞ்சு உக்காந்துச்சு. அலங்காரச் சாந்து போல. கணவாய் ஓடு ஒண்ணு வாங்கி அதையும் டெஸ்ட் பண்ணேன், புஸ்ஸுன்னு நுரை. அதை உள்ள வச்ச ராத்திரியே ரெண்டும் ஏறி உக்காந்து சுரண்டிக்கிட்டு இருந்துச்சுங்க.

கல்லை எடுத்துட்டு கோகோபீட் போட்டிருந்தேன். மூணாவது வாரம் அதைக் கிளறுனா சின்ன முத்து மாதிரி வெள்ளை முட்டை, எண்ணுனா எண்பத்தி சொச்சம். இந்த மாதிரி தோட்டத்து நத்தைல ஆண் பெண் தனித்தனியா கெடையாது, ஒவ்வொண்ணும் ரெண்டுமே, முன்னாடி எப்பவோ இணை சேந்தப்ப கெடச்ச விந்தணுவை உள்ள சேத்து வச்சு மாசக்கணக்குல கழிச்சுக்கூட முட்டை போடும். "குட்டி"ங்க முட்டை போட்டிருக்கேன்னு அவருக்கு மெசேஜ் போட்டா "செம, ஃப்ரீ பேபீஸ் ப்ரோ"ன்னு கை தட்டுற ஸ்டிக்கர். முட்டையை டப்பால அடைச்சு ரெண்டு நாள் ஃப்ரீசர்ல வச்சு அப்புறம்தான் தூக்கிப் போட்டேன், வெளிய கொட்டிடாதீங்க.

கடைசியா நெருக்கிக் கேட்டப்பதான் தோட்டத்துல புடிச்சதுன்னு ஒத்துக்கிட்டார். பக் பக்னு ஆயிடுச்சு. வெளியில திரியுற நத்தைக்கு எலிப் புழுக்கையில இருந்து நுரையீரல் புழு தொத்தும், அது மனுஷ உடம்புல போனா மூளைக் காய்ச்சல் வரைக்கும் கொண்டு விடும். இவரோட ஆன்லைன் பக்கத்துல ஒரு கொழந்தை கன்னத்துல நத்தையை வச்சு போட்டோ வேற. நான் அன்னிக்கே கையுறை வாங்கிட்டேன், எடுத்தா சோப்புப் போட்டுக் கழுவாம வேற எதையும் தொடறதில்ல.

பணம் திருப்பிக் கேட்டதுக்கு பிளாக். நத்தை ரெண்டும் இப்ப நல்லா இருக்கு, உடைஞ்ச இடத்துல வெளுப்பா புது ஓடு வந்துருக்கு. நேத்து வேற பேர்ல ஒரு பக்கம் கண்ணுல பட்டுச்சு, "பிரீமியம் பேபி நத்தை, லிமிடெட் ஸ்டாக்". அதே கட்டைவிரல், அதே கருப்புத் தழும்பு.