காட்டுமாட்டுத் தலையைப் பாடம் செய்யக் கொடுத்தேன். வேறு கொம்போடு திரும்பி வந்தது

தாத்தா காலத்துத் தலையோ கொம்போ உங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறதா? அதைச் சரிபண்ண உள்ளூரில் ஆள் தேடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பணம் போனதைவிடப் பெரிய சிக்கலில் நான் மாட்டியிருக்கிறேன்.

எங்கள் தாத்தா வால்பாறையில் ஒரு டீ எஸ்டேட்டில் பெரிய கிளார்க். 1960களில் அங்கிருந்த துரை சீமைக்குத் திரும்பியபோது, தான் சுட்ட காட்டுமாட்டின் தலையைத் தாத்தாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மைசூரில் வான் இங்கன் பட்டறையில் பாடம் செய்தது, அதாவது தோலைப் பதப்படுத்தி அச்சின் மேல் போர்த்தி உயிருள்ளது மாதிரி ஆக்கியது. மகாராஜாக்களும் துரைமார்களும் சுட்ட புலி, சிறுத்தையெல்லாம் போய்ச் சேர்ந்த இடம் அது, 1999-இல் மூடிவிட்டார்கள். 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் தாத்தா வனத்துறையில் தலையைப் பதிந்து உரிமைச் சான்றிதழ் வாங்கினார். அவருக்குப் பின் அப்பா, இப்போது நான். சுட்டது சரியா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. சிறுவயதில் அந்தக் கண்ணைப் பார்த்துப் பயந்து, அப்புறம் பழகிப்போனது, அவ்வளவுதான். மாட்டுப் பொங்கலுக்கு அத்தை அதற்கும் ஒரு பொட்டு வைப்பார்.

இரண்டு வருடங்களுக்கு முன் தலைக்கு நேர் கீழே தரையில் மாவு மாதிரித் தூள் விழ ஆரம்பித்தது. பெருக்கினால் மறுநாளும் இருக்கும். தூளோடு அரிசி அளவில் பழுப்பாக, மயிர் மயிராகச் சில கூடுகள். வண்டுப்புழு உரித்துப் போட்ட சட்டை. மூக்கோரம் தோல் வெடித்து, உள்ளே காகிதக்கூழ் அச்சு தெரிந்தது.

தெரிந்தவர் ஒருவர் கோவைக்குப் பக்கத்தில் ஓர் ஆளைக் கைகாட்டினார். செத்த நாய், சண்டைச் சேவல் எல்லாம் பாடம் செய்து கொடுப்பாராம், சினிமா ஷூட்டிங்குக்கும் பண்ணியிருக்கிறாராம். போனில் படங்கள் காட்டினார், நன்றாகத்தான் இருந்தன. லைசென்ஸ் இருக்கிறதா என்று ஒப்புக்குக் கேட்டேன். “அதெல்லாம் உசுரோட இருக்கறதுக்குங்க தம்பி. இது செத்து எழுவது வருசம் ஆச்சு” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நான் செய்த முதல் தப்பு அது. பதினெட்டாயிரம் பேசி, பத்தாயிரம் முன்பணம் கொடுத்தேன். நாற்பத்தைந்து நாள் என்றார். வழியில் யாராவது கேட்டால் காட்ட வேண்டும் என்று சான்றிதழின் அசலையும் வாங்கிக்கொண்டார். அது இரண்டாவது தப்பு. புறப்படும்போது ஒரு போட்டோகூட எடுத்து வைக்காதது மூன்றாவது.

மூன்றாம் மாதம் அவருடைய ஷெட்டுக்குப் போனேன். கழுத்துத் தோலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறி ஓடியது, தூள் பறந்தது, பக்கத்தில் அவர் பேரன் முறுக்குத் தின்றுகொண்டிருந்தான். பூச்சி அரிக்காமலிருக்க அந்தக் காலத்தில் தோலின் உள்பக்கம் ஆர்சனிக் கலந்த சோப்பைத் தடவுவது வழக்கம் என்று பிற்பாடுதான் படித்தேன். பழைய தலையைத் தேய்ப்பது நஞ்சைக் கிளப்பிவிடுவது மாதிரி. அந்தப் பையனை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள்: பழைய பாடத்தை வீட்டில்கூடத் தேய்க்காதீர்கள், வெறுங்கையால் தொடாதீர்கள்.

ஏழாவது மாதம் பழைய பிளெக்ஸ் பேனரில் சுற்றித் தலை வந்தது. பிரித்ததும் வார்னிஷ் நெடி. மூக்கில், இரும்பு கேட்டுக்கு அடிக்கிற கறுப்பு எனாமல். நெற்றியில் சாம்பல் நிறத்தில் இருந்த மயிருக்கு மேல் ஷூ பாலிஷ் மாதிரி ஏதோ அப்பியிருந்தது. கண்கள் ஐயனார் கோயில் குதிரைக்கு எழுதிய மாதிரி முழித்தன. பலகையின் பின்னால் இருந்த மைசூர் லேபிளைக் காணோம். சரி, கைவேலை வராத ஆள், நம் தலையெழுத்து என்று மீதிப் பணத்தையும் கொடுத்துத் தொலைத்தேன்.

அவர் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை, பலகையிலிருந்த பித்தளைத் தகட்டைப் பளபளவென்று தேய்த்ததுதான். இத்தனை வருடம் களிம்பேறிப் படிக்க முடியாமலிருந்த எழுத்துகள் தெரிந்தன: கிராஸ் ஹில்ஸ், 1951, முப்பத்தைந்தரை அங்குலம். வால்பாறைப் பக்கத்துப் புல்மலையின் பெயர், சுட்ட வருடம், கொம்புகளின் அகலம். சும்மா ஆசைக்கு டேப் வைத்தேன். முப்பத்தொன்று.

போனில் கேட்டதற்கு, “ஒட்டும்போது கொம்பு கொஞ்சம் உள்ளே சாஞ்சிருக்குமுங்க” என்றார். நடக்கக்கூடியதுதான். அப்போதுதான் இடது கொம்பின் நுனியைத் தடவிப் பார்த்தேன். 1984-இல் வீடு மாற்றும்போது லாரியில் உடைந்து, சித்தப்பா கறுப்பு அரக்கு வைத்து ஒட்டிய நுனி. அரக்கு உருண்டை விரலில் நெருடும். இப்போது வழவழவென்று இருந்தது.

எங்கள் கொம்பு போனது ஒருபக்கம். இது யாருடைய கொம்பு? எங்கே, எப்போது செத்த மாடு? கள்ளத்தனமாகச் சுட்டதாக இருந்தால், அது இப்போது என் வீட்டுச் சுவரில். சான்றிதழின் அசலும் என்னிடம் இல்லை. அவர் திருப்பித் தந்த லேமினேஷன் அட்டைக்குள் இருந்தது கலர் ஜெராக்ஸ். அந்த அசலைக் காட்டி வேறொரு தலையை நியாயமானதாக்கலாம் என்று வக்கீல் சொன்னபோதுதான் உறைத்தது. அவரே இன்னொன்றும் சொன்னார்: உரிமம் இல்லாமல் இந்தத் தொழில் செய்யக் கூடாது என்று சட்டத்தின் 44-ஆம் பிரிவு சொல்கிறது, அப்படிப்பட்டவரிடம் நீங்களாகவே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறீர்கள். புகார் கொடுத்தால் முதல் கேள்வி எனக்குத்தான் வரும்.

ஒரு வாரம் தூங்கவில்லை. பிறகு நானே வனத்துறை அலுவலகத்துக்குத் தலையைக் கொண்டுபோய் எழுதிக் கொடுத்தேன். நல்லவிதமாகத்தான் பேசினார்கள். வேலைக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு கடிதம் எழுதியிருந்தால் உரிமம் உள்ளவரா என்று நாங்களே சொல்லியிருப்போமே என்றார் அங்கிருந்த அதிகாரி. கொம்பை வளைவோடு அளந்து, அடிச் சுற்றளவையும் குறித்து, நாலு பக்கமும் படம் எடுத்தார்கள். நான் முன்னாலேயே செய்திருக்க வேண்டியது.

தலை இப்போது அவர்களிடம் இருக்கிறது, விசாரணை நடக்கிறது. புகார் கொடுப்பதற்கு முந்தின நாள் கடைசியாக ஒருமுறை அவரைக் கூப்பிட்டேன். பெயரைச் சொல்லி, தலை விஷயமாகப் பேச வேண்டும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்:

“எந்தத் தலைங்க தம்பி?”